ஃப்ரீ காலேஜ் கோர்ஸும் எங்கள் வீட்டுக்கு வந்த பில்லும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் தமிழ் வீடுகளில் டூயல் என்ரோல்மென்ட் பேச்சு அடிபடாமல் இருப்பதில்லை. பள்ளியில் படித்துக்கொண்டே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரியில், ஒன்றிரண்டு பாடம் எடுக்கலாம், கட்டணம் கிடையாது, அந்த யூனிட்டுகள், அதாவது பாடத்தின் அளவைச் சொல்லும் புள்ளிகள், பின்னால் டிகிரியில் கழியும் என்பார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். என் மகள் பத்தாம் வகுப்பிலிருந்து இப்படிப் பாடம் எடுக்கிறாள். எடுத்தது நல்லது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் முதல் பாடத்துக்கு நாங்கள் கட்டிய ஆயிரத்துச் சொச்சம் டாலரும், அதற்காக நான் கவுன்ட்டர் கவுன்ட்டராக நின்ற நேரமும், முன்னால் போன யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், பே ஏரியா பக்கம். மற்ற மாநிலங்களில் விதி வேறு, தெரிந்தவரை இடையில் சொல்கிறேன்.

என் கணவருக்கு வேலை மாறியதால் டெக்சஸிலிருந்து ஒரு ஜனவரியில் இங்கே வந்தோம். அவருக்கு வேலைக்கான எச்-1பி விசா, எனக்கும் மகளுக்கும் குடும்பத்தாருக்கான எச்-4. அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பின் பாதியில் இருந்தாள். வசந்த காலத்தில் பள்ளியில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். அதில் கவுன்சலர் ஒரு ஸ்லைடு காட்டினார். கல்லூரிப் பாடம், யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம், ஹைஸ்கூல் மாணவர்களுக்கு அது தள்ளுபடி, ஒரு செமஸ்டருக்கு 11 யூனிட் வரை எடுக்கலாம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கலிபோர்னியாவில் 'ஸ்பெஷல் அட்மிட்' என்று சேரும் பள்ளி மாணவர்களுக்கு அந்த 46 டாலரைத் தள்ளிவிடுகிறார்கள். பள்ளியும் கல்லூரியும் ஒப்பந்தம் போட்டுப் பள்ளி வளாகத்திலேயே நடத்தும் வகுப்புகளும் உண்டு. அதற்கு 'சிகேப்' என்று பெயர், 2015இல் போட்ட சட்டத்தின்படி வந்தது. அதில் புத்தகமும் சேர்த்தே இலவசம், 15 யூனிட் வரை எடுக்கலாம். எங்கள் பள்ளியில் சிகேப் இல்லை. கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் எடுக்க வேண்டும்.

மகள் சைகாலஜி கேட்டாள். மூன்று யூனிட், ஆன்லைன் வகுப்பு. கல்லூரியின் பொது விண்ணப்பத்தை நிரப்பி, பள்ளி ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போட, நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன். இந்த ஃபார்ம் ஒரு தடவை கொடுத்தால் முடிந்துவிடாது, ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்குப் பதிவு செய்யும் வரிசையில் கடைசி இடம்தான், சட்டமே அப்படி. அதனால் நல்ல நேரத்தில் இருக்கும் வகுப்புகள் எல்லாம் நிறைந்த பிறகுதான் நம் பிள்ளைக்குக் கதவு திறக்கும். வெயிட்லிஸ்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் முதல் வாரத்தில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் முதல் வகுப்புக்கு வராதவர்களைப் பேராசிரியர்கள் நீக்கிவிடுவார்கள். ஆன்லைன் வகுப்பிலும் அதே கதைதான். முதல் வாரத்து அறிமுகப் பதிவை எழுதாத மாணவரை வரவில்லை என்று எடுத்துவிடுவார்கள். அந்த வாரம் குடும்பத்தோடு வெளியூர் போகிற திட்டம் இருந்தால் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

வகுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியது. மகளின் கணக்கில் பாக்கி பூஜ்யம் என்று காட்டியது, நான் என் கண்ணாலேயே பார்த்தேன். பிறகு சில வாரம் கழித்து ஒரு ராத்திரி அவள் என் அறைக்கு வந்து, "அம்மா, என் அக்கவுண்ட்ல ஏதோ ஹோல்ட்னு வருது" என்றாள். திறந்து பார்த்தால் நான்-ரெசிடென்ட் டியூஷன் என்று ஒரு வரி. மூன்று யூனிட்டுக்கும் சேர்த்து 1,100 டாலருக்கு மேல். நான் முதலில் வேறு யாருடைய பில்லோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடி மறுபடி பெயரைப் பார்த்தேன். அவள் பெயர்தான். இதைச் சொல்லும் மெயில் ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் வந்த இடம் கல்லூரி அவளுக்கு ஒதுக்கிய மெயில் பெட்டி. விண்ணப்பத்தில் நான் கொடுத்த என் மெயிலுக்கு ஒரு வரிகூட வரவில்லை, என் போனுக்கும் வரவில்லை.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போன் செய்தேன். விவரம் சொன்னதும் எதிர்முனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, உங்கள் மகளைப் பேசச் சொல்லுங்கள் என்றார். அவளுக்கு வயது பதினைந்துதான், நான் அவள் அம்மா என்றேன். வயது கணக்கே இல்லை என்றார். ஃபெர்பா என்ற மத்தியச் சட்டம் இருக்கிறது. பிள்ளை கல்லூரியில் சேர்ந்த நிமிடமே அந்தக் கல்லூரிப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடுகிறது, பதினைந்து வயதானாலும் சரி. வருமான வரியில் பிள்ளையை நம் சார்பாளராகக் காட்டியிருந்தால் கல்லூரி நம்மிடம் தகவல் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பணம் கட்ட வேண்டியது நான், கேள்வி கேட்கும் உரிமை அவளுக்கு. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பெரும்பாலான கல்லூரிகளில் பிள்ளை கையெழுத்துப் போட்டுத் தந்தால் பெற்றோரிடம் பேசுவதற்கான ஒரு ஒப்புதல் ஃபார்ம் உண்டு. சேர்த்த வாரமே அதைக் கொடுத்துவிடுங்கள். கல்லூரி மெயில் பெட்டியைப் பிள்ளையின் போனில் போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள்.

நேரில் போனோம், அவள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு. ரெசிடென்சி விஷயம் அங்கேதான் புரிந்தது. கலிபோர்னியாவில் பொதுக் கல்லூரிகளுக்கு இந்த மாநிலத்துக்காரர் என்று கணக்காக வேண்டுமானால், செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள் வரை ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் காகிதத்தில் காட்ட வேண்டும். மைனர் பிள்ளைக்குப் பெற்றோரின் கணக்குத்தான் பிள்ளையின் கணக்கு. நாங்கள் வந்தது ஜனவரியில், வகுப்பு தொடங்கியது ஆகஸ்டில். ஒரு வருடம் ஆகவில்லை. சரி, 46 டாலர் தள்ளுபடி என்றார்களே? அது என்ரோல்மென்ட் கட்டணம். வெளி மாநிலத்தவருக்கு அதன் மேல் வரும் நான்-ரெசிடென்ட் டியூஷன் தனி. பள்ளி மாணவர்களுக்கு அதிலிருந்தும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அந்த விலக்கில் வரமாட்டார்கள் என்று சொன்னார்கள். அதாவது எங்களைப் போலவே அதே ஜனவரியில் குடி வந்த கிரீன் கார்டு வீட்டுப் பிள்ளைக்குப் பில் வராமல் போகலாம், எச்-4 பிள்ளைக்கு வரும். எல்லோருக்கும் ஒரே பந்தியில் இலை போட்டுவிட்டு எங்கள் இலையில் மட்டும் பில்லை வைத்த மாதிரி இருந்தது. பள்ளிக் கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் எச்-1பி குடும்பங்கள். அந்த ஸ்லைடில் இதற்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

அப்போது பூஜ்யம் என்று ஏன் காட்டியது என்றும் கேட்டேன். விண்ணப்பம் வந்தபோது தானாக ஒரு கணக்குப் போட்டிருக்கிறது, பின்னால் ஒருவர் விசா விவரத்தைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார், அவ்வளவுதான். திருத்துவதற்குள் பணம் திரும்பக் கிடைக்கும் கெடு முடிந்திருந்தது. இந்தக் கெடு விவகாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழு செமஸ்டர் வகுப்பில் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் பணம் திரும்பும். அதன் பிறகு விலகினால் கட்டணம் போனது போனதுதான், குறி விழாமல் விலகும் கெடுவும் தாண்டியிருந்தால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கிரேடுப் பட்டியலில், விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' என்று ஒரு குறியும் விழும். அந்த டபிள்யூவோடு விலகவும் வகுப்பின் முக்கால் பங்கு நாள் வரைதான் இடம், அதன் பிறகு என்ன கிரேடு வருகிறதோ அதுதான். கோடையிலும் செமஸ்டரின் பின்பாதியிலும் வரும் குறுகிய வகுப்புகளில் பணம் திரும்பும் கெடு மொத்த நாளில் பத்தில் ஒரு பங்கு. எட்டு வாரப் பாடம் என்றால் ஒரு வாரம் முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். சிலபஸை ஒழுங்காகப் படித்து முடிப்பதற்குள் கெடு போய்விடும். வகுப்பில் சேர்ந்த அன்றே அந்த வகுப்புக்குரிய தேதிகளைக் காலண்டரில் ஏற்றுங்கள். கல்லூரியின் பொதுக் காலண்டரில் இருக்கும் தேதி எல்லா வகுப்புக்கும் பொருந்தாது.

எங்கள் முன்னால் இருந்தது இரண்டு வழி. விலகி டபிள்யூவையும் வாங்கிக்கொண்டு பணமும் கட்டலாம், அல்லது தொடர்ந்து படித்துப் பணம் கட்டலாம். கட்டினோம். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மட்டும், "ஃப்ரீன்னு சொல்லி நம்ம ஊர்ல குக்கர் தருவாங்க, இங்க பில் தர்றாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் தன்னால்தான் இத்தனை செலவு என்று இரண்டு நாள் முகம் வாடிக் கிடந்தது இன்னும் மனதை அறுத்தது.

அடுத்த செமஸ்டர் ஜனவரி கடைசியில் தொடங்குவதாக இருந்தது. நாங்கள் வந்து ஒரு வருடம் அதற்குச் சற்று முன்னால் முடிகிறது. தேதி வந்ததும் தானாக மாறிவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்தால் மறுபடி பில் வந்திருக்கும். தானாக எதுவும் மாறாது, ரெசிடென்சியை மாற்றச் சொல்லித் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். அந்தக் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பேனா முனையைத் தேதி மேல் வைத்து வைத்துப் பார்த்தார். வீட்டு வாடகை ஒப்பந்தம் ஜனவரி, சரி. என் கணவரின் ஓட்டுநர் உரிமம் கலிபோர்னியாவுக்கு மாறியது மார்ச், பேனா அங்கே நின்றுவிட்டது. கார் பதிவும் மார்ச். இங்கேயே இருக்கும் எண்ணம் உங்களுக்கு மார்ச்சில்தான் வந்தது என்று ஆகுமே என்கிற மாதிரிப் பார்த்தார். கடைசியில் காப்பாற்றியது சம்பளச் சீட்டு. ஜனவரி மாதச் சீட்டிலேயே கலிபோர்னியா மாநில வரி பிடித்திருந்தார்கள். அதையும் மகளின் பள்ளிச் சேர்க்கைத் தாளையும் சேர்த்து வைத்ததும் தலையாட்டினார். மாநிலம் மாறி வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வந்து இறங்கிய உடனே உரிமம், கார் பதிவு, வங்கி முகவரி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எச்-1பி, எச்-4 ஆட்கள் இந்த மாநிலத்துக்காரர் ஆகவே முடியாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. ஒரு வருடக் கணக்கையும் எண்ணத்தையும் காட்டினால் முடியும். சில வகை விசாக்களுக்குத்தான் முடியாது.

அந்த செமஸ்டரில் பப்ளிக் ஸ்பீக்கிங் எடுத்தாள். உண்மையிலேயே இலவசம். ஆனால் நேரில் நடக்கும் மாலை வகுப்பு. அவளுக்குக் கார் ஓட்டும் வயது இல்லை, நான் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும் வரை காரிலேயே உட்கார்ந்திருப்பேன். பார்க்கிங்குக்குத் தினமும் சில டாலர். பள்ளியின் வசந்த விடுமுறையும் கல்லூரியின் வசந்த விடுமுறையும் வேறு வேறு வாரம், அதனால் எங்கள் வீட்டுக்கு விடுமுறையே இல்லாமல் போனது. இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். அந்த வகுப்புக்காக நான் இன்னும் நாலு மடங்கு நேரம்கூட அந்தக் காரில் உட்கார்ந்திருப்பேன். அவளோடு படித்தவர்களில் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர், ராணுவத்திலிருந்து விலகி வந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்று எல்லா வயதினரும் இருந்தார்கள். பள்ளியில் சக வயதுப் பிள்ளைகள் முன்னால் பேச நடுங்குகிறவள், தன்னைவிட மூத்தவர்கள் தடுமாறித் தடுமாறிப் பேசுவதைப் பார்த்த பிறகு நடுக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கத்தை விட்டு வந்து உட்கார்ந்திருப்பாராம். "அவங்க ஒரு கிளாஸ் கூட கட் அடிக்கலம்மா" என்று காரில் வரும்போது சொன்னாள். படி படி என்று நான் வருடக்கணக்கில் சொல்லிக் கேட்காததை அந்த அம்மாள் வாய் திறக்காமல் சொல்லிவிட்டார்.

சைகாலஜிக்குக் கட்டிய பணத்துக்கும் ஒரு பலன் உண்டு. சைகாலஜியில்தான் மேற்படிப்பு என்று அவள் இருந்த உறுதி, அந்த ஒரு செமஸ்டரில் கரைந்துவிட்டது. மனிதர்களின் கதைகள் பிடித்திருந்தது, ஆய்வு முறைகளும் எண்களும் வரும் பகுதி பிடித்ததோ இல்லையோ, அதுதான் அந்தத் துறையின் முதுகெலும்பு என்பது தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் போய் இது தெரிந்திருந்தால் செலவு எவ்வளவு என்று நினைத்துப் பார்க்கிறேன். வேண்டாதது எது என்று பதினைந்து வயதில் தெரிவது இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் என்பது என் கருத்து. யூனிட் கணக்கெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பதினோராம் வகுப்பில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தாள். ரெசிடென்சி சரியாகிவிட்டது, இனி செலவே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். முதல் வாரம் ஆக்ஸஸ் கோட் வாங்கச் சொன்னார்கள். வீட்டுப்பாடம் முழுவதும் ஒரு தனியார் பதிப்பகத்தின் இணையதளத்தில், அதற்குள் நுழைய ஒரு கோட், நூறு டாலருக்கு மேல். பழைய புத்தகமாக வாங்கவும் முடியாது, அக்கா படித்ததைத் தங்கை பயன்படுத்தவும் முடியாது, கோட் ஒரு முறைக்குத்தான். இதற்கு நேர்மாறாக சைகாலஜியில் புத்தகச் செலவே இல்லை. டெக்சஸில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் இலவசப் பாடநூலை அந்தப் பேராசிரியர் வைத்திருந்தார். கலிபோர்னியாக் கல்லூரிகளின் வகுப்புப் பட்டியலில் புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்கு ஒரு தனிக் குறி போட்டிருப்பார்கள், 'ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்' என்று தேடலாம். ஒரே பாடத்தை மூன்று பேராசிரியர்கள் எடுத்தால் ஒருவருடைய வகுப்பிலாவது அந்தக் குறி இருக்க வாய்ப்பு உண்டு.

மாநிலத்துக்கு மாநிலம் இந்த இலவசத்தின் எல்லை மாறுகிறது. 1985இலேயே இதைத் தொடங்கிய மினசோட்டாவில் கட்டணத்தோடு புத்தகமும் இலவசம். ஃபுளோரிடாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் சேர்த்தே. வாஷிங்டன் மாநிலத்தின் ரன்னிங் ஸ்டார்ட்டில் டியூஷன் மட்டும் இலவசம், புத்தகமும் மற்ற கட்டணங்களும் நம் கையில். ஓஹாயோவின் காலேஜ் கிரெடிட் பிளஸ்ஸில் பிள்ளை ஃபெயில் ஆனால் பள்ளி நிர்வாகம் அந்தப் பணத்தைக் குடும்பத்திடம் கேட்கலாம். ஆகவே பக்கத்து மாநிலத்து நண்பர் சொன்னதை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பணத்தைவிட எனக்குப் பயம் தருவது கிரேடு. கல்லூரியில் எடுக்கும் பாடத்தின் கிரேடு நிரந்தரம். பள்ளிக் காலத்தில் எடுத்ததுதானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். பின்னால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், பள்ளியில் படிக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடம் உட்பட அத்தனையையும் காட்டச் சொல்கிறார்கள், அது அங்கே ஜிபிஏ என்னும் கிரேடுச் சராசரியிலும் சேர்கிறது. எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் கோடையில் எட்டு வாரக் கால்குலஸ் எடுத்தான். நல்ல கணக்குப் பிள்ளை. கூடவே நீச்சல் பயிற்சி, ஒரு முகாம், குடும்பத்தோடு இந்தியப் பயணம். டி வந்தது. அவன் அம்மா என்னிடம் சொல்லும்போது குரல் உடைந்தது. இதன் கணக்கு எளிது. மூன்று யூனிட் பாடம் என்றால் வகுப்பு வாரத்துக்கு மூன்று மணி நேரம், அதற்கு மேல் வீட்டில் ஆறு மணி நேரம். ஆக ஒன்பது. அதையே எட்டு வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம். கால்குலஸ் நாலைந்து யூனிட், இன்னும் கூடும். கோடையில் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் முதல் பாடம் கோடையில் வேண்டாம், முதல் பாடம் கணக்காகவோ அறிவியலாகவோ இருக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது வைத்திருக்கும் விதி, ஒரு செமஸ்டருக்கு ஒரே பாடம். 11 யூனிட் இலவசம் என்பதற்காக 11 யூனிட்டும் எடுக்கத் தேவையில்லை.

ஸ்டாட்டிஸ்டிக்ஸில் அவளுக்கு நடுவில் ஒரு தேர்வு சறுக்கியது. பள்ளியாக இருந்தால் நான் ஆசிரியருக்கு மெயில் போட்டிருப்பேன். இங்கே நான் எழுதினால் பதிலே வராது என்பது தெரியும். அவளே பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆஃபீஸ் அவர்ஸுக்குப் போனாள். முதல் மெயிலை எழுத ஒரு சாயங்காலமே எடுத்துக்கொண்டாள், 'ஹே' என்று தொடங்கலாமா, 'டியர் புரொபசர்' என்று தொடங்கலாமா என்று. போனவளுக்கு அங்கே வேறு யாருமே இல்லை, பேராசிரியர் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாராம். என்னைக் கொதிக்க வைத்த அதே ஃபெர்பாதான் அவளைத் தானே பேச வைத்தது. எனக்கு இன்னும் அந்தச் சட்டத்தின் மேல் முழுச் சமாதானம் வரவில்லை, இருந்தாலும் பி கிரேடோடு அவள் வெளியே வந்தது அதனால்தான்.

அப்புறம் இந்த யூனிட்டுகள் எங்கே செல்லும் என்ற கேள்வி. கலிபோர்னியாவில் எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களான யூசி, கால் ஸ்டேட் வளாகங்களில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்க்கலாம், இலவசம்தான். பாடம் எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். யூசிக்கு மாற்றத்தக்க பாடம் என்றால் விண்ணப்பத்தின்போது ஹானர்ஸ் பாடத்துக்குரிய கூடுதல் புள்ளி கிடைக்கும். ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடம், யூசி கேட்கும் ஏ-ஜி பாடத் தேவையில் ஒரு வருடப் பள்ளிப் பாடத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படும். எத்தனை யூனிட் வைத்திருந்தாலும் ஹைஸ்கூல் முடித்து நேரே போகிற பிள்ளை முதலாண்டு மாணவராகத்தான் விண்ணப்பிக்கும், வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் டிரான்ஸ்ஃபர் மாணவர் கணக்கில் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். தனியார் பல்கலைக்கழகங்கள் கதை வேறு. ஹைஸ்கூல் பட்டயத்துக்குக் கணக்கில் எடுத்த பாடத்துக்கு மறுபடி கல்லூரிக் கிரெடிட் தர மாட்டோம் என்று சொல்லும் இடங்கள் நிறைய. உங்கள் பள்ளி அந்தக் கல்லூரிப் பாடத்தைத் தன் டிரான்ஸ்கிரிப்டில் போடுமா, போட்டால் என்ன மதிப்பு என்பதையும் கவுன்சலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, கவுன்சலர்கள் அடிக்கடி மாறுகிறார்கள்.

பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி பாடம் நல்லதா இது நல்லதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிள்ளையைப் பொறுத்தது. ஏபியில் மே மாதம் ஒரு நாள் எழுதும் தேர்வுதான் கிரெடிட்டைத் தீர்மானிக்கிறது, தேர்வுக்கு 100 டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கட்டணம், மதிப்பெண் சரியில்லை என்றால் பெரும்பாலும் அனுப்பாமலே விட்டுவிடலாம். கல்லூரிப் பாடத்தில் செமஸ்டர் முழுவதும் சேர்த்த உழைப்பு கணக்காகும், ஆனால் கிரேடை மறைக்க முடியாது. தேர்வு அறையில் உறைந்துபோகிற பிள்ளைக்கு இது. சோம்பலாக இருந்துவிட்டுக் கடைசி மாதம் எழுந்து ஓடுகிற பிள்ளைக்கு அது. என் மகள் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. விண்ணப்பங்களில் மூன்று பாடங்களையும் கிரேடோடு எழுதியாயிற்று, கேட்கும் இடத்தில் எழுதாமல் விட்டால் பின்னால் சேர்க்கையையே ரத்து செய்ய முடியும். எழுதுவது ஒரு வேலை, டிரான்ஸ்கிரிப்ட் அனுப்புவது இன்னொரு வேலை. ஹைஸ்கூல் தன்னுடைய டிரான்ஸ்கிரிப்டை மட்டும்தான் அனுப்பும், கம்யூனிட்டி காலேஜுடையதைத் தனியாக, அதுவும் பிள்ளையின் கணக்கிலிருந்துதான், ஆர்டர் செய்ய வேண்டும். இரண்டு கல்லூரிகளில் படித்திருந்தால் இரண்டிலிருந்தும். யூசியில் இடம் கிடைத்தவர்களுக்கு இதற்கான கெடு ஜூலை 1. பள்ளி முடிந்ததும் சில பிள்ளைகள் அந்தக் கல்லூரிக் கணக்கின் பாஸ்வேர்டையே மறந்துவிடுகிறார்கள், கல்லூரி அலுவலகமோ அம்மா அப்பாவிடம் பேசாது. மே மாதமே ஒரு நாள் அவளை உட்கார வைத்து இதை முடித்துவிட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.